ஏ.எம். தெளிவாகக் கேட்க: சிக்னலைக் கூட்டும் முன் இரைச்சலைக் குறையுங்கள்

ஏ.எம். சரியாக எடுக்கவில்லை என்றதும் பலரும் முதலில் ஏரியலை முழுதாக இழுத்து நீட்டிப் பார்ப்பார்கள். அதனால் எதுவும் மாறாது. பெரும்பாலான கையடக்க ரேடியோக்களில் அந்த டெலஸ்கோபிக் ஏரியல் எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் மட்டும்தான். மத்திய அலையை, அதாவது ஏ.எம். நிலையங்கள் வரும் அலைவரிசையை, பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) தடியும் அதன்மேல் சுற்றிய காயிலும். ஏரியலை விட்டால் அடுத்து ‘பூஸ்டர்’ தேடுவார்கள். அதுவும் பெரும்பாலும் வீண். மத்திய அலையில் வெளியிலிருந்து வந்து சேரும் இரைச்சல், ஓரளவு நல்ல ரேடியோ ஒன்றின் சொந்த இரைச்சலைவிட அதிகம். பூஸ்டர் நிலையத்தையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கித் தரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் கூடும்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: வீட்டுக்குள் உண்டாகும் இரைச்சலை ஒழிப்பது, ரேடியோவின் திசையைச் சரிசெய்வது, அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் லூப் ஆன்டெனா (மரச் சட்டத்தில் சுற்றிய வயர்) கட்டுவது. பாதிப் பேருக்கு மூன்றாவதுக்கு வேலையே இருக்காது.

முதலில் வெளியே கொண்டுபோங்கள்

புது பேட்டரி போட்ட ஒரு சிறிய ரேடியோவை எடுத்துக்கொண்டு, பகல் நேரத்தில், கட்டடங்களையும் மின்கம்பிகளையும் விட்டு 30 மீட்டராவது தள்ளிப் போங்கள். நன்றாகக் கேட்கும் ஒரு நிலையம், சுமாரான ஒன்று, மெலிதாகக் கேட்கும் ஒன்று என மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்குள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்து அதே மூன்றையும் கேளுங்கள். பகல் என்பது முக்கியம். இரவில் அலைகள் வரும் வழியே வேறு என்பதால் ஒப்பிட முடியாது.

வெளியே சுத்தமாக இருந்து உள்ளே மட்டும் கரகரத்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. வெளியேயும் மெலிதாக, பின்னால் வெறும் ‘ஸ்ஸ்’ ஒலியோடு கேட்டால் அங்கே சிக்னலே குறைவு, லூப் உதவும். மூன்றாவது ஒரு வகை உண்டு: உள்ளே வந்ததும் புதிதாக எந்தக் கரகரப்பும் சேராமல் எல்லா நிலையங்களும் ஒருசேர அமுங்கிப்போவது. அது கட்டடம் சிக்னலை மறைப்பதால் வருவது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக் கூடு, தகரக் கூரை, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகை, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி எல்லாமே மத்திய அலையைத் தின்னும். அப்படிப்பட்ட வீட்டில் ரேடியோவை வெளிச்சுவர் ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்துவது ஒன்றே, மற்ற எல்லாச் சீர்திருத்தங்களையும்விட அதிகம் தரும்.

இந்தச் சோதனையில் ஒலியின் உரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரேடியோவுக்குள் இருக்கும் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு, மெலிந்த நிலையத்தையும் வலுத்த நிலையத்தையும் ஏறக்குறைய ஒரே உரத்துக்குக் கொண்டுவந்துவிடும். பேச்சின் இடைவெளிகளில் அடியில் என்ன கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். அதுதான் உண்மையான அளவுகோல்.

வீட்டுக்குள் குற்றவாளியைப் பிடிப்பது

ரேடியோவை பேட்டரியிலேயே ஓடவிடுங்கள். எந்த நிலையமும் இல்லாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: டயலின் கீழ்ப் பகுதியில் 600 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒன்று, மேலே 1500 அருகே இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சில கருவிகள் கீழே மட்டும் கத்தும், சில மேலே மட்டும்.

கணினிகளை முறையாக அணைத்துவிட்டு வீட்டின் மெயினை நிறுத்துங்கள். இரைச்சல் நின்றால் பாதி வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் உடனே பக்கத்து வீட்டைக் கை காட்டாதீர்கள். மெயின் போனாலும் உயிரோடு இருக்கும் சாதனங்கள் வீட்டில் நிறைய: யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், அதில் ஓடும் ரவுட்டர், பேட்டரியில் இருக்கும் மடிக்கணினி. இன்வெர்ட்டரே இரைச்சலில் முன்னணி. மெயின் போனதும் அது வேலையைத் தொடங்குவதால், சோதனையின்போது இரைச்சல் முன்னைவிடக் கூடவும் செய்யலாம். அவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

பிறகு எம்.சி.பி. சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்தச் சுற்றில் இரைச்சல் திரும்புகிறதோ, அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் டி.வி.யும், போன் மாட்டாமல் தொங்கும் சார்ஜரும் இரைச்சல் எழுப்பிக்கொண்டுதான் இருக்கும். சார்ஜரை இரண்டு நிலையிலும் சோதியுங்கள்: சும்மா இருக்கும்போது ஒரு குரல், போன் ஏறும்போது இன்னொரு குரல்.

சத்தத்தைக் கேட்டே ஆளை ஓரளவு ஊகிக்கலாம். டயலைத் திருப்பும்போது குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப மேடு மேடாக எழும்பி, கருவி சூடாகச் சூடாக மெல்ல இடம் நகரும் ‘பர்ர்’ ஒலி என்றால் அது சுவிட்சிங் முறை மின்வழங்கி. சார்ஜர், எல்.இ.டி. பல்பின் டிரைவர், டி.வி. எல்லாம் இந்த இனம். மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் அந்தக் கருவி சுவிட்ச் செய்யும் அதிர்வெண், பெரும்பாலும் சில பத்துக் கிலோஹெர்ட்ஸ். இண்டக்‌ஷன் அடுப்பும் இப்படியே, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கில், அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸிலும் 60-இல் 120-இலும், அடித்தொண்டையில் வரும் கடுமையான உறுமல் என்றால் ட்ரையாக் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த ஃபேன் ரெகுலேட்டரையோ டிம்மரையோ சந்தேகியுங்கள். டயலின் கீழ்ப் பகுதியில் இது மோசமாக இருக்கும். உறுதிசெய்வது எளிது: ரெகுலேட்டரை நடு நிலையில் வைத்தால் உச்சம், முழு வேகத்துக்குத் திருப்பினால் வெகுவாகக் குறையும் அல்லது மறைந்தே போகும். மிக்ஸி, துளைக்கும் கருவி போன்ற பிரஷ் மோட்டார்களின் சீறல் வேகத்தோடு ஏறி இறங்கும். சீரான இடைவெளியில் ஒரு சொடுக்கு மட்டும் வந்து போனால் தெர்மோஸ்டாட்.

மேடும் பள்ளமும் இல்லாமல் முழு அலைவரிசையிலும் ஒரே மாதிரியான, நிலையத்தின் ‘ஸ்ஸ்’ ஒலியிலிருந்து பிரித்தறிய முடியாத சீறல்தான் ஏமாற்றுக்காரன். தொலைபேசிக் கம்பியில் வரும் டி.எஸ்.எல். இணைய இணைப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம். பழைய ஏ.டி.எஸ்.எல். சுமார் 1100 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் சுமார் 2200 வரையிலும் அலைகளைப் பயன்படுத்துகிறது. மத்திய அலை முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. சமநிலை கெட்ட, முறுக்கில்லாத பழைய உள்வயரில் அது கசியும். மோடம் வரும் இணைப்பை வெளிச்சுவரிலேயே நிறுத்தி, அங்கிருந்து முறுக்கிய நல்ல ஜோடிக் கம்பியில் நேராக மோடத்துக்கு இழுத்து, தேவையில்லாத கிளைகளைத் துண்டித்தால் வெகுவாகக் குறையும்.

எல்லாம் அணைந்த பிறகும் சடசடப்பு இருக்கிறது, காய்ந்த வெயிலில் அதிகம், மழை பெய்ததும் நின்றுவிடுகிறது என்றால் வெளியே மின்கம்பத்தில் தளர்ந்த பொருத்தி ஒன்றில் பொறி பறக்கிறது. ரேடியோவோடு நடந்து, எந்தக் கம்பத்தருகே உச்சம் என்று பார்த்து, அந்தக் கம்பத்தின் எண்ணோடு மின்துறைக்குச் சொல்லுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

பிடித்த பிறகு என்ன செய்வது? சார்ஜர், பல்பு என்றால் மாற்றிவிடுவதே மலிவு. ஒரே கம்பெனியின் ஒரே வாட் பல்பிலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு இருக்கும் என்பதால் ஒன்று வாங்கிச் சோதித்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். மாற்ற முடியாததைத் தள்ளி வையுங்கள். 1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர் என்பதால் வீடு முழுவதுமே கருவியின் ‘அருகாமைப் புலத்துக்குள்’ இருக்கிறது. அங்கே சிறிய கருவி ஒன்று நேரடியாக எழுப்பும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் விழும். ஒரு மீட்டரை இரண்டாக்கினால் எட்டில் ஒரு பங்கு. மேசை விளக்கின் அடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஆன்டெனா தேடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் இரைச்சல் கருவியோடு நிற்பதில்லை, அதன் வயரில் ஏறிச் சுவர்க் கம்பிகள் முழுக்கப் பரவுகிறது. அதைத் தடுக்க ஃபெரைட் வளையம். இங்கே பலர் சறுக்குவது, வயரின் மேல் கவ்வும் சிறிய ஃபெரைட் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுவது. ஒரே முறை ஊடுருவும் கிளிப் மத்திய அலையில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. தடை, சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் கூடுகிறது: 10 சுற்று என்றால் 100 மடங்கு. 60 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வளையத்தில், கருவியின் மின்வயரை அப்படியே (இரண்டு அல்லது மூன்று இழைகளும் சேர்ந்தபடி) 10 முதல் 12 சுற்று சுற்றுங்கள். வளையத்தின் கலவை எண்ணும் முக்கியம். 31 அல்லது 75 என்ற எண்ணுள்ள கலவை மத்திய அலைக்கு ஏற்றது. எளிதில் கிடைக்கும் 43 இன்னும் மேலான அதிர்வெண்களுக்கானது. வளையம் கருவிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். நடுவில் மிஞ்சும் வயர்த் துண்டு ஆன்டெனாவாகவே வேலை செய்யும்.

ரேடியோவே மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் அதன் அடாப்டரைச் சந்தேகிக்காமல் விடாதீர்கள். பேட்டரியில் சுத்தம், அடாப்டரில் கரகரப்பு என்றால் இரும்பு டிரான்ஸ்பார்மர் உள்ள கனமான பழைய வகை அடாப்டருக்கு மாறுங்கள். அதிலும் ஒரு தொல்லை உண்டு: நிலையம் இல்லாத இடத்தில் அமைதி, வலுவான நிலையத்தில் போய் நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஹம். இதைப் பார்த்ததும் பலரும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை மாற்றுவார்கள், தீராது. மின்வயரில் ஏறிவரும் ரேடியோ அலையை, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் டயோடுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் திறந்து மூடுவதால் வரும் ஹம் அது. ஒவ்வொரு டயோடுக்கும் இணையாக 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டன்சர் ஒன்றை வைத்து சால்டர் செய்தால் போய்விடும். டிரான்ஸ்பார்மரின் குறைந்த வோல்டேஜ் பக்கம் மட்டும் கை வையுங்கள், அதுவும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

தடியின் திசை

ஃபெரைட் தடி பெரும்பாலும் ரேடியோவின் நீளவாக்கில், மேல் விளிம்பை ஒட்டிக் கிடக்கும். தடியின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கி இருந்தால் சிக்னல் உச்சம். தடியின் முனை நிலையத்தை நோக்கினால் பூஜ்யம். அதாவது சாதாரண ரேடியோவில் முகமோ முதுகோ நிலையத்தின் பக்கம் இருக்க வேண்டும்.

இது எல்லோரும் சொல்வதுதான். பலர் சொல்லாதது, உச்சம் மழுங்கியது, பூஜ்யம் கூரானது என்பது. உச்சத்திலிருந்து 30 டிகிரி திருப்பினாலும் சிக்னல் சுமார் 13 சதவீதம்தான் குறையும், காதுக்குத் தெரியாது. பூஜ்யத்தில் ஓரிரு டிகிரி நகர்ந்தாலே தெரியும். ஆகவே உச்சத்தைத் தேடி ரேடியோவைத் திருப்புவதைவிட, இரைச்சலைப் பூஜ்யத்தில் தள்ளத் திருப்புங்கள். நிலையமும் இரைச்சலும் 40 டிகிரி விலகியிருந்தால், இரைச்சலின் பக்கம் முனையைக் காட்டும்போது நிலையம் உச்சத்தின் 64 சதவீதமாகக் குறையும். அது சுமார் 4 டெசிபல் இழப்பு. இரைச்சலோ 20 டெசிபலுக்கு மேல் விழக்கூடும். நல்ல பேரம்.

கிடைமட்டமாகத் திருப்புவதோடு நிறுத்தாதீர்கள். சுவருக்குள் ஓடும் கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் சாய்வாக வரும். பூஜ்யம் ஆழமாக இல்லை என்றால் ரேடியோவின் ஒரு முனையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். அடியில் புத்தகம் ஒன்றைச் செருகி அந்தக் கோணத்தில் நிறுத்திவிடலாம். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் மோதும்போதும் இதே வித்தை பகலில் நன்றாக வேலை செய்யும். இரவில் தூர நிலையத்தின் அலை மேலிருந்து, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கோணத்தில் வருவதால் பூஜ்யம் நிலைக்காது.

இரும்பு மேசை, ஃப்ரிட்ஜின் மேல், உலோக அலமாரிக்குள் வைக்காதீர்கள். உலோகம் காயிலின் ட்யூனிங்கைக் கலைத்துத் திறனையும் குறைக்கும்.

லூப் ஆன்டெனா

இரைச்சலைக் குறைத்த பிறகும் நிலையம் மெலிதாக இருந்தால், செலவுக்குத் தகுந்த பலன் தருவதில் ட்யூன் செய்யக்கூடிய லூப்பை எதுவும் மிஞ்சாது. மின்சாரம் வேண்டாம், ரேடியோவைத் திறக்க வேண்டாம், ஒரு வயரைக்கூட இணைக்க வேண்டாம்.

85 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மரச் சட்டங்களை எடுத்து, நடுவில் பாதிக்குப் பாதி வெட்டி, பெருக்கல் குறியாகப் பொருத்துங்கள். நான்கு முனைகளிலும் 9 சென்டிமீட்டர் அகலமுள்ள மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ குறுக்காகப் பொருத்தி, அதில் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் 13 காடிகள் போடுங்கள். காடிகளில் வயரைச் சுற்றினால் 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் கிடைக்கும். 13 சுற்றுக்கு 31 மீட்டர் வயர் ஆகும், முனைகளுக்கும் சேர்த்து 33 மீட்டர் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையுள்ள சாதாரண ஒற்றை இழைச் செம்புக் கம்பி, 0.5 சதுர மில்லிமீட்டர் போதும். சுற்றுகளை நெருக்கிச் சேர்த்துவிடாதீர்கள். அந்த 6 மில்லிமீட்டர் அழகுக்காக இல்லை. நெருங்கினால் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்கொள்ளளவு கூடி டயலின் மேல் முனை எட்டாமல் போகும்.

இப்படிச் சுற்றிய காயிலின் தூண்டுதிறன் சுமார் 230 மைக்ரோஹென்றி. இதோடு 365 பைக்கோஃபாரட் வரை போகும் ஏர் கேங் கண்டன்சரின் (திருப்பினால் மதிப்பு மாறும், தகடுகளிடையே காற்று உள்ள கண்டன்சர்) ஒரு பிரிவை இணைத்தால், தவிர்க்க முடியாத உபரிக் கொள்ளளவையும் சேர்த்து, ஏறக்குறைய 530-லிருந்து 1600-க்கு மேல் வரை ஒரே வீச்சில் ட்யூன் ஆகும். காயிலின் ஒரு முனை அசையும் தகடுகளுக்கு, மறு முனை அசையாத் தகடுகளுக்கு. அவ்வளவுதான் மொத்த மின்சுற்று. பழைய ரேடியோவிலிருந்து எடுத்த இரட்டை கேங் என்றால் இரண்டு பிரிவையும் சேர்த்துவிடாதீர்கள். கீழே தேவைக்கு மேல் இறங்கும், மேலே 1400 சுமாரிலேயே நின்றுவிடும்.

ஏர் கேங் இப்போது அரிது. பாக்கெட் ரேடியோவில் வரும் சிறிய பிளாஸ்டிக் கேங்கை வைத்தும் செய்யலாம். அதில் 140, 60 பைக்கோஃபாரட் சுமாரில் இரண்டு பிரிவுகள் இருக்கும். இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 200. அதே 13 சுற்றுக் காயிலோடு அது ஏறக்குறைய 700 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கீழே இறங்கும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் 180 பைக்கோஃபாரட் நிலைக் கண்டன்சர் ஒன்றைச் சிறிய சுவிட்ச் வழியாக இணையாகச் சேருங்கள். பாலிஸ்டைரீன், மைக்கா, அல்லது என்.பி.ஓ. வகை செராமிக் ஆக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் செராமிக் போட்டால் லூப்பின் கூர்மை போய்விடும்.

60 சென்டிமீட்டருக்கு இடமில்லை என்றால் 45 சென்டிமீட்டர் பக்கத்தில் 17 சுற்று, ஏறக்குறைய அதே தூண்டுதிறன், வயரும் அதே நீளம்தான். ஆனால் பரப்பு கிட்டத்தட்ட பாதி ஆகிவிடுவதால் பலன் குறையும். முடிந்தவரை பெரிதாகவே கட்டுங்கள்.

பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரேடியோவை லூப்பிலிருந்து 10 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் தடி லூப்பின் தளத்தை ஊடுருவிப் போவதுபோல, அதாவது தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். தடி லூப்பின் தளத்துக்கு இணையாகக் கிடந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது, ‘லூப் வேலை செய்யவில்லை’ என்று தோன்றும். முதலில் ரேடியோவில் நிலையத்தைப் பிடியுங்கள், பிறகு லூப்பின் கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு குறுகிய இடத்தில் நிலையம் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். அந்த இடம் நூலிழை அகலம்தான், வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடும். பெரிய குமிழ் போடுங்கள். கை நெருங்கும்போது ட்யூனிங் நகர்ந்தால், கையருகே வரும் தண்டும் சட்டமும் அசையும் தகடுகளோடு சேர்ந்தவை என்பதே காரணம்; குமிழ் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இறுதியாக லூப்பையும் ரேடியோவையும் சேர்த்தே திருப்பித் திசையைச் சரிசெய்யுங்கள். லூப்பின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும், அகன்ற முகம் பார்த்தால் பூஜ்யம்.

மிக நெருக்கமாக வைத்தாலும் கெடும். உச்சம் இரண்டாகப் பிளக்கும், ட்யூனிங் நகரும், குரல் குழறும். கொஞ்சம் விலக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருக்கிறதா? லூப் நன்றாக அமைந்ததற்கு அடையாளம் அது. 600 கிலோஹெர்ட்ஸில் தரக்காரணி (லூப்பின் கூர்மையின் அளவு) 100 என்றால் அலைப்பட்டை 6 கிலோஹெர்ட்ஸ்தான், 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நறுக்கப்படும். கேங்கை உச்சத்திலிருந்து ஒரு மயிரிழை விலக்கினால் குரல் திறக்கும்.

மேசை ஸ்டீரியோ, ரிசீவர் போன்றவற்றில் உள்ளே தடி இருக்காது. பின்னால் செருகும் ஒரு சிறிய பிளாஸ்டிக் லூப் கொடுத்திருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு நீள வயரைச் செருகினால் பெரும்பாலும் மோசமாகும், ஏனென்றால் பல கருவிகளில் அந்தச் சிறு லூப்பின் தூண்டுதிறனும் உள்ளே நடக்கும் ட்யூனிங்கில் ஒரு பங்கு. அதைக் கழற்றாமல், உங்கள் பெரிய லூப்பின் உள்ளே அதே தளத்தில் தொங்கவிடுங்கள். போதும்.

நீள வயர்

10 முதல் 15 மீட்டர் வயரை வெளியே கட்டி, உள்ளே வரும் முனையை ரேடியோ பெட்டியின் மேல், தடி இருக்கும் பகுதியைச் சுற்றி 5 முதல் 8 சுற்று சுற்றி, கடைசி முனையை எர்த்தில் சேர்ப்பது பழைய முறை. திறந்தவெளி வீடுகளில் நன்றாகவே வேலை செய்யும். நெருக்கமான குடியிருப்பில் லூப்புக்கே என் ஓட்டு. நீள வயர் நிலையத்தோடு சேர்த்து வீட்டு வயரிங்கின் மின்புல இரைச்சலையும் அள்ளிவரும், திருப்பிப் பூஜ்யமாக்கவும் முடியாது. எர்த் இல்லாமல் கட்டினால் இன்னும் மோசம். எர்த் என்றால் ஈர மண்ணில் 1.2 மீட்டருக்குக் குறையாமல் இறங்கிய தனிச் செம்புத் தடி. பிளக்கின் எர்த் துளை, நியூட்ரல், எரிவாயுக் குழாய் எதையும் தொடாதீர்கள். மின்கம்பியின் மேலோ கீழோ வயர் போகக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் வயர் வீட்டுக்கு வெளியே துண்டிக்கப்பட்டு எர்த்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

வயரை இணைத்ததும் ஒரே நிலையம் டயல் முழுக்கக் கேட்டால், பக்கத்து ஒலிபரப்பி ரேடியோவை மூழ்கடிக்கிறது. சுற்றுகளைக் குறையுங்கள், அல்லது வயரைச் சுருக்குங்கள்.

ரேடியோவுக்குள்

கீழே விழுந்த பிறகு ஏ.எம். மட்டும் மங்கிப்போன ரேடியோவைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தடி ஒடிந்திருக்கும், அல்லது மெழுகு விட்டுக் காயில் தடியின் மேல் நகர்ந்திருக்கும். ஒடிந்த தடியை இடைவெளி இல்லாமல் பசை போட்டு ஒட்டினால் ஏறக்குறைய பழையபடி வரும். காயிலின் கம்பி பல மெல்லிய இழைகளைப் பின்னிய லிட்ஸ் வயர். முனையில் எல்லா இழைகளிலும் எனாமல் நீங்கி சால்டர் பிடித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று இழை விட்டுப்போனாலும் வேலை செய்யும், கூர்மைதான் போய்விடும்.

காயில் நகர்ந்திருந்தால் திரும்ப வைப்பது எளிது. 600 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிந்த நிலையத்தைப் பிடித்து, காயிலைத் தடியின் மேல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி உச்சத்தில் நிறுத்துங்கள். பிறகு 1400 அருகே ஒரு நிலையத்தைப் பிடித்து, கேங்கின் முதுகில் உள்ள ஆன்டெனா ட்ரிம்மரை (சிறிய திருகு கண்டன்சரை) உச்சத்துக்குத் திருப்புங்கள். ஒன்று மற்றதைக் கலைக்கும் என்பதால் மாற்றம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்து, காயிலை மெழுகுவத்தி மெழுகால் நிறுத்துங்கள். வலுவான நிலையத்தில் இதைச் செய்யாதீர்கள், தானியங்கிக் கட்டுப்பாடு உச்சத்தை மறைத்துவிடும். மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலையுள்ள ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்பார்மர்களை சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். அவை தானாகக் கலைவது அபூர்வம், ஸ்க்ரூடிரைவரால் கலைவதே அதிகம்.

டி.எஸ்.பி. ரேடியோவில், அதாவது சிக்னலை ஒரு சிப் டிஜிட்டலாகக் கையாளும் ரேடியோவில், இந்தத் திருகல் கிடையாது, சிப்பே உள்ளே ட்யூன் செய்துகொள்ளும். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு அமைப்புகள். ஒன்று, நிலைய இடைவெளி: அமெரிக்கக் கண்டங்களில் 10 கிலோஹெர்ட்ஸ், ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் 9. தவறாக வைத்திருந்தால் 738-இல் இருக்கும் நிலையத்தை 740-இல் கேட்டுக்கொண்டு, குரல் சிதைகிறது என்று ஆன்டெனாவை நொந்துகொண்டிருப்பீர்கள். மற்றொன்று அலைப்பட்டை அகலம். மெலிந்த நிலையத்துக்கு 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸ், வலுத்ததற்கு 6. பக்கத்து நிலையம் ஒரு பக்கம் நெருக்கினால் எதிர்ப்பக்கம் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்யுங்கள். பேச்சு புரியும் அளவுக்கு ஒதுங்கிவிடும்.

பகலும் இரவும்

பகலில் வளிமண்டலத்தின் டி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுவதால் தரையோடு ஊர்ந்து வரும் அலை மட்டுமே கிடைக்கும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்து, மேலடுக்குகள் அலையைத் திருப்பியனுப்பத் தொடங்கும். நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து நிலையங்கள் வந்து இறங்கும். உள்ளூர் நிலையத்தின் தரை அலையும் அதன் வான் அலையும் ஏறக்குறைய சம வலுவில் மோதும் தூரத்தில் நீங்கள் இருந்தால், இரவில் குரல் அலைபாய்ந்து சிதையும். அதை எந்த ஆன்டெனாவும் முழுதாகத் தீர்க்காது. அந்த நிகழ்ச்சியைப் பகலில் கேளுங்கள், அல்லது அதே ஒலிபரப்பின் வேறு அதிர்வெண்ணைத் தேடுங்கள். கோடையில் தூரத்து மின்னலின் சடசடப்பு கூடுதலாக இருக்கும். நீண்ட, குளிர்ந்த இரவுகள்தான் தூர நிலையங்களுக்கு உகந்தவை.

கடைசியாக ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: எல்லாம் சுத்தமான பிறகும் 910 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு விசில், சில ரேடியோக்களில் 1365 அருகேயும். வீட்டில் எதை அணைத்தாலும் போகாது. ரேடியோவின் ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ், அதன் இரண்டாம், மூன்றாம் மடங்குகள் அவை. ரேடியோ தன் குரலைத் தானே கேட்கிறது. ரேடியோவைத் திருப்பியோ நகர்த்தியோ அதைத் தீர்க்க முடியாது. உங்களுக்கு வேண்டிய நிலையம் அந்த இடத்தில் இருந்தால் அந்த ஒன்றுக்கு வேறு ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.